கடல் விலகிய ஊரில் எஞ்சிய செல்வம்

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்துடன் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் சென்றுவரப் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பே. ஆலத்தியூரில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் உள்ளது. ஆயினும் நம் காலடி மண்ணே பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்ததுதான். அரியலூர், பெரம்பலூர் வட்டார ஓடைகளில் கிடைக்கும் கல்லாகிப்போன சிப்பிகள் அதற்குச் சான்று. நம் சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் விட்டுச்சென்றதே.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அந்த எண்ணத்துடனேயே நாம் இம்முறை பிள்ளைகளைக் காயல்பட்டினத்திற்கு அழைத்துச் சென்றோம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பழையகாயல் உள்ளது. அதற்கு மேற்கே, இன்று வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் கொற்கை. சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம் அதுவே. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகியது, கொற்கை தளர்ந்தது, காயல் எழுந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இதனைப் பெரிய, சிறந்த நகரம் என்று குறித்தார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் இங்கே வந்தன. குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். அவ்வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் விளங்கினார். மன்னரும் வணிகரும் வேறு வேறு மார்க்கத்தினர். எனினும் நம்பிக்கை அவர்களை இணைத்தது.

அந்தக் காயல்துறை பழையகாயலே என்று பிஷப் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் முடிவு செய்தார். காயல்பட்டினமே என்று கருதுவோரும் உளர். எதுவாயினும், பழையகாயலையும் கடல் விட்டு விலகியது. போர்த்துகீசியர் வந்தபின் வணிகம் தூத்துக்குடிக்கு மாறியது.

"அத்தா, அவ்வளவு குதிரைகளும் வந்த இடம் எங்கே?" என்று நம் இளைய மகன் கேட்டான். காட்டுவதற்கு நம்மிடம் எதுவும் இல்லை; உப்பளங்களே தெரிந்தன.

ஆனால் காயல்பட்டினத் தெருக்களில் நடந்தபோது விடை கிடைத்தது. பழைமையான பள்ளிவாசல்கள், ஆண்களுக்கும் பெண்களுக்குமான மத்ரஸாக்கள், மாலையில் குர்ஆன் ஓதும் சிறுவர்களின் குரல்! வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) 1632இல் பிறந்தது இவ்வூரில். அரபுத்தமிழில் நூல்கள் தந்து, கீழக்கரையில் அறிவு பரப்பி 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) பிறந்ததும் இவ்வூரிலேயே. இவ்விருவர் காலத்திலும் குதிரை வணிகம் பழங்கதையாகியிருந்தது. துறைமுகத்தால் வந்த செல்வம் துறைமுகத்துடன் போயிற்று. அச்செல்வம் இருந்த நாளில் கல்விக்காகச் செலவிடப்பட்ட பங்கு மட்டும் போகவில்லை.

இது நமக்கும் உரிய பாடம். நம் ஊரின் பிழைப்பு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லை நம்பியுள்ளது. வெட்ட வெட்டக் குறையும் பொருள் அது, ஒருநாள் தீரும். மாதச் சம்பளம் தடையின்றி வரும் இக்காலத்தில், மக்தபுக்கு ஒரு வகுப்பறை, பெண்பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஒரு தொகை, வீட்டில் ஒரு சிறு நூலகம் என எதை நாம் விட்டுச் செல்லப்போகிறோம்?

அடுத்த விடுமுறையில் கடற்கரைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளை அலையில் விளையாட விடுங்கள். பிறகு அருகில் அமர்த்தி, இக்கடல் ஒரு காலத்தில் எங்கெங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

அழியும் செல்வத்திலிருந்து அழியாத நன்மையைத் தேடிக்கொள்ளும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.