டோர் பயனர்கள் மீதான இணையதளத் தடை

டோர் என்னும் பெயர் மறைப்பு வலையமைப்பின் வழியாக வருவோரை இணையதளங்கள் உள்ளே விடாமல் நிறுத்துவது, அல்லது மற்றவர்களுக்கு இல்லாத சோதனையை அவர்களுக்கு மட்டும் வைப்பது. அரசுகள் தம் மக்களை டோர் பக்கமே போகவிடாமல் செய்யும் தணிக்கை வேறு, இது வேறு. இங்கே கதவைச் சாத்துபவர் தளத்தை நடத்துபவர். எரிதம், நாசவேலை, கடவுச்சொல் திருட்டு முயற்சி முதலிய முறைகேடுகளை அவர் காரணமாகக் காட்டுகிறார்.

பின்னணி

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஸ்லாக் ஆகியோர் வகுத்த 'வெங்காய வழியமைப்பு' முறையே டோரின் மூலம். ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன், சைவர்சன் மூவரும் உருவாக்கிய டோர் மென்பொருள் 2003 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இதை வளர்க்கும் இலாபநோக்கற்ற நிறுவனம் 2006இல் தொடங்கப்பட்டது.

பயனரின் தரவு வழக்கமாக மூன்று கணுக்களை, அதாவது இடைநிலைக் கணினிகளை, கடந்து போகிறது. முதல் கணுவுக்கு ஆளின் முகவரி தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணுவுக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. தளத்தின் கண்ணில் படுவது கடைசிக் கணுவின் ஐபி முகவரி மட்டுமே. ஒரே நேரத்தில் பலர் அந்த ஒரு முகவரியின் பின்னால் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்த குறும்புக்காக முகவரியைத் தடுத்தால், மற்ற எல்லாரும் சேர்ந்தே தடைபடுகிறார்கள்.

தடுப்பதும் எளிது. பாதை அமைக்க வேண்டுமானால் பயனரின் மென்பொருளுக்குக் கணுக்களின் பட்டியல் தெரிந்தாக வேண்டும். அதனால் அந்தப் பட்டியல் பொதுவில் வெளியாகிறது. கடைசிக் கணுக்களின் முகவரிகளை டோர் நிறுவனமே தனியாகவும் தொகுத்துத் தருகிறது.

விக்கிப்பீடியா

யாரும் தொகுக்கலாம் என்ற கொள்கையுடைய விக்கிப்பீடியா இந்தச் சிக்கலை முன்பே எதிர்கொண்டது. நாசவேலை செய்பவரை ஐபி முகவரி கொண்டு தடுப்பது அதன் வழக்கம். டோரில் வருபவரோ நொடியில் வேறு முகவரிக்கு மாறிவிடலாம். 2008இல் சேர்க்கப்பட்ட 'டோர்பிளாக்' என்ற நீட்சி, கணுப் பட்டியலைப் பார்த்துத் தானாகவே தடை விதித்தது. டோர் வழியாகக் கட்டுரையைப் படிக்கலாம். 'தொகு' பொத்தானை அழுத்தினால் தடை அறிவிப்பே வரும்.

பட்டியலில் ஏறாத முகவரிகள் வழியாகச் சில தொகுப்புகள் நழுவி உள்ளே வந்தன. 2007 முதல் 2018 வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படி வந்த 11,363 தொகுப்புகளை ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. கணக்கில்லாமல் தொகுப்போர், புதிதாகச் சேர்ந்தோர் ஆகியோரின் பங்களிப்புக்கு ஏறத்தாழ நிகரான தரத்தில் அவை இருந்தன என்று அது கண்டது.

கிளவுட்ஃபிளேர் சர்ச்சை

பல தளங்களுக்கு ஒரே காவல் நிறுவனம் வந்தபோது தடையின் அளவு பெருகியது. கிளவுட்ஃபிளேர் பாதுகாத்த தளங்களில் நுழைய டோர் பயனர்கள் மங்கலான படங்களில் எழுத்தையோ பொருளையோ கண்டு சொல்லும் கேப்ட்சாவைத் தீர்க்க வேண்டியிருந்தது. அடுத்த தளத்தில் மீண்டும் அதே சோதனை. டோர் வழியாகத் தன்னிடம் வரும் கோரிக்கைகளில் 94 விழுக்காடு தீங்கானவை என்று 2016 மார்ச்சில் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு முகவரியில் நடந்த தீங்கை அதன் வழியே வரும் எல்லாக் கோரிக்கைகள் மீதும் ஏற்றுகிறார்களா என்று கேட்டு, கிளவுட்ஃபிளேர் கணக்கிட்ட முறையையே டோர் நிறுவனம் கேள்விக்கு உள்ளாக்கியது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, அலெக்சா என்ற இணையதளத் தரவரிசையின் முதல் 1,000 தளங்களில் குறைந்தது 3.67 விழுக்காடு டோர் பயனர்களைத் தடுத்தன.

மாற்று வழிகள்

ஆளை அறியாமலேயே செயலைத் தண்டிக்க முடியுமா என்பது ஆய்வாளர்களின் கேள்வி. 2007இல் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான 'நிம்பிள்' திட்டத்தில் பொறுப்பு இருவரிடம் பிரிக்கப்பட்டது. ஒருவருக்குப் பயனரின் முகவரி தெரியும், மற்றவருக்கு அவர் போகும் தளம் தெரியும். தளம் புகார் தந்தால் பயனரின் அடையாளம் வெளிப்படாமலேயே அவர் தடுக்கப்படுவார்.

2017இல் வந்த 'பிரைவசி பாஸ்', மறையாக்கவியலாளர் டேவிட் சாம் 1980களில் வகுத்த குருட்டுக் கையொப்பக் கருத்தின் வழித்தோன்றல். கார்பன் தாள் வைத்து மூடிய உறையின் மேல் கையெழுத்திட்டால் உள்ளிருக்கும் சீட்டிலும் அது பதியும், ஆனால் இட்டவருக்குச் சீட்டு தெரியாது. அதுபோல ஒருமுறை கேப்ட்சா தீர்த்தவர் பல சீட்டுகளைப் பெற்றுக்கொண்டு பிற தளங்களில் காட்டலாம். எந்தச் சீட்டு யாருக்குத் தரப்பட்டது என்று தந்தவராலும் சொல்ல முடியாது. இதன் நெறிமுறை 2024இல் இணையத் தரமாக வெளியிடப்பட்டது.

2018இல் கிளவுட்ஃபிளேர் தன் வாடிக்கையாளர் தளங்களை டோருக்குள்ளேயே அணுகும் வெங்காயச் சேவையைத் தொடங்கியது. இதில் ஒவ்வொரு இணைப்புப் பாதைக்கும் தனி எண் உண்டு. ஆகவே கடைசிக் கணு முழுவதையும் தண்டிக்காமல், தவறு நடந்த பாதையை மட்டும் அடைக்க இடமுண்டு.

ஆங்கில விக்கிப்பீடியாவில் பழைய தடை நீடிக்கிறது. டோர் வழியாகத் தொகுக்க விரும்புவோர் சிறப்பு விலக்குக் கேட்க வேண்டும். அதற்குத் தம் கணக்கோடு நிருவாகிகள் முன் வந்து, மறைந்திருக்க வேண்டிய காரணத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.