தராசு வந்த வழி

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. நெடிய எல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்த எல்லைக்கோடு பிரிக்க இயலாத சொற்களுள் ஒன்று தராசு. தமிழில் தராசு, தெலுங்கில் த்ராசு. இரண்டும் 'தராஸூ' என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தவை.

அதற்கு முன் தமிழரிடம் எடைக்கருவி இல்லையா எனில், இருந்தது. துலாக்கோல், நிறைகோல் என்பன பழம்பெயர்கள். சான்றோரின் நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமையே அக்கோல்தான். ஆகவே வெளியிலிருந்து வந்தது கருவியன்று, பெயரே. கோல்கொண்டா சுல்தான்கள், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள் ஆகியோரின் ஆட்சியில் வருவாய்க் கணக்கு பாரசீகத்தில் நடந்தது. வசூல், ரசீது, ஜமாபந்தி ஆகியன தமிழில் நிலைத்த காலமும் அதுவே. தராசும் அவற்றோடு சந்தைக்கு இறங்கியது எனக் கொள்ளலாம். துலாக்கோல் ஏட்டில் தங்கிவிட்டது.

இத்தகைய பயணம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் மொழியில் 'பிஸ்மர்' என்றொரு எடைக்கோல் உண்டு. அதன் ஒரு முனையில் நிலையான குண்டு; மறுமுனையில் பொருள். தாங்கும் கயிற்றை நகர்த்தி எடை காண்பர். இப்பெயர் உருசியத்தின் 'பெஸ்மென்' என்னும் சொல்லோடு உறவுடையது. அதனைத் துருக்கிய மொழிகள் வழியே, எடையைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'வஸ்ன்' வரை கொண்டு செல்லும் அறிஞரும் உளர். இது முடிந்த முடிபன்று. எனினும் கலீஃபாக்களின் வெள்ளித் திர்ஹம்கள் ஸ்காண்டிநேவிய மண்ணில் ஏராளமாய்க் கிடைத்திருப்பது பழைய வணிக உறவுக்குச் சான்று.

அதே 'வஸ்ன்' வேரிலிருந்து பிறந்ததே 'மீஸான்'. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் 7, 8, 9 ஆகிய மூன்று வசனங்களிலும் அச்சொல் அடுத்தடுத்து வருகிறது. அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே அல்முதஃப்பிஃபீன் என வழங்குகிறது. எடைக்கருவிகளை விரிவாக ஆராய்ந்து, ஹிஜ்ரி 515இல் அல்காஸினி எழுதிய நூலுக்கு 'ஞானத்தின் தராசு' என்றே பெயர்.

சந்தையில் நிற்பவர் தராசின் பூர்வீகத்தை வினவுவதில்லை; முள் நேரே நிற்கிறதா என்றே பார்க்கிறார். சொல்லுக்கு ஊர் பல இருக்கலாம். நேர்மைக்கு அளவு ஒன்றே. வள்ளுவரின் கோலும் வேதத்தின் மீஸானும் நம்மிடம் கேட்பது அதனையே.