மீன்தோல் கட்டு

பதப்படுத்திய மீன்தோலைத் தீக்காயத்தின்மேல் போர்த்தி, புண் ஆறும்வரை அதையே கட்டாக விட்டுவைக்கும் சிகிச்சை முறை. வேற்றுயிரின் தோலையோ சவ்வையோ கொண்டு புண்ணை மூடும் உயிரியற் கட்டுகளில் வயதில் இளையது. பிரேசிலின் வடகிழக்கிலுள்ள செயரா மாநிலத்தில் திலாப்பியாவின் தோலிலிருந்தும், ஐஸ்லாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் காட் மீனின் தோலிலிருந்தும் தனித்தனியே உருவானது. பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வைத்தியமாகச் சொல்லிவிடுகின்றன. பிரேசிலில் போர்த்தும் தோல் சில நாள் இருந்துவிட்டு உரிக்கப்படுவது; ஐஸ்லாந்தில் ஆக்கிய தோல் புண்ணுக்குள்ளேயே கலந்து மறைவது. வரலாறும் இரண்டுக்கும் வேறு.

கட்டு மாற்றும் வேதனை

மேல்தோல் எரிந்து, அதன் கீழுள்ள அடித்தோலும் ஓரளவு பழுதானால் அதை இரண்டாம் நிலைத் தீக்காயம் என்பார்கள். கொதிநீரும் சூடான எண்ணெயும் கொட்டியவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். கொப்புளம் எழும்பி உடையும். நரம்பு முனைகள் வெளியே தெரிய, காற்றுப் பட்டாலே எரியும். தோலின் முழு ஆழமும் வெந்துபோகும் மூன்றாம் நிலையில் நரம்பும் சேர்ந்து கருகிவிடுவதால் அந்த இடத்தில் உணர்ச்சியே குறைந்துவிடுகிறது. ஆழம் குறைந்த புண்ணுக்குத்தான் வலி அதிகம் என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆறுதல் என்னவென்றால், அடித்தோலில் மிஞ்சிய மயிர்க்கால்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் புதுத்தோல் தானே படர்ந்து வரும். அதுவரை கிருமி அண்டாமலும் ஈரம் காயாமலும் புண்ணைக் காப்பதுதான் வைத்தியம்.

அந்தக் காவலுக்கு உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஃபாக்ஸ் 1968-இல் அறிமுகப்படுத்தினார். விலை குறைவு, கிருமிகளைக் கொல்லும், எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். ஆனால் அதன் வீரியம் ஒரு நாளைக்குத்தான். மறுநாள் கட்டைப் பிரித்து, பழைய களிம்பைக் கழுவித் துடைத்து, புதிதாகப் பூசி, மீண்டும் கட்ட வேண்டும். கட்டுத்துணியோடு ஒட்டிக்கொண்ட இளந்தோலும் சில சமயம் பிய்ந்து வரும். தீக்காய வார்டுகளில் நோயாளிகள் அஞ்சுவது தீப்பட்ட நேரத்தைவிடக் கட்டு மாற்றும் நேரத்தை என்று செவிலியர் சொல்வதுண்டு. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்தே மாற்ற வேண்டிவரும். மீன்தோல் தீர்க்க வந்தது முதலில் இந்தத் தினசரித் தொல்லையைத்தான்.

மீனுக்கு முன்

புண்ணைத் தோலாலேயே மூடலாம் என்ற எண்ணம் நவீன அறுவை மருத்துவத்தில் 1869-இல் வேர்விட்டது. ஜெனீவாவைச் சேர்ந்த ழாக்-லூயி ரெவெர்தென், பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உடலிலிருந்தே சிறுசிறு தோல் துணுக்குகளைக் கிள்ளி எடுத்துப் புண்ணில் பதித்தார், அவை வேர்பிடித்தன. 1881-இல் நியூயார்க்கில் ஜான் கர்ட்னர் இறந்தவர் தோலைப் பயன்படுத்தியதாக எழுதினார். அதே காலத்தில் தவளைத் தோலையும் ஐரோப்பிய மருத்துவர்கள் முயன்று பார்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசவத்துக்குப் பின் கழிக்கப்படும் பனிக்குடச் சவ்வு வந்தது. 1960களில் பன்றித்தோல் வந்து, அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளில் தற்காலிகக் கட்டாக நிலைத்தது.

இவற்றில் இறந்தவர் தோலே மேலானது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்குத் தோல் வங்கி வேண்டும், கொடையாளிகள் வேண்டும், குளிர்பதனமும் நோய்ச் சோதனைகளும் வேண்டும். நெதர்லாந்தின் பெவர்வைக் நகரிலுள்ள ஐரோப்பியத் தோல் வங்கி, மனிதத் தோலைக் கிளிசரினில் ஊறவைத்து நெடுநாள் காக்கும் முறையை 1980களில் வளர்த்தெடுத்தது. பின்னால் பிரேசில்காரர்கள் மீனுக்குக் கைக்கொண்ட வழியும் கிளிசரின்தான்.

வங்கி வைக்க வசதியில்லாத இடங்களில் வேறு புத்தி வேலை செய்தது. மும்பையில் டாக்டர் கேஸ்வானியும் உடன் பணியாற்றியவர்களும் வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலைக் கட்டுத்துணியில் வரிசையாகப் பதித்துத் தீப்புண்ணில் வைத்துப் பார்த்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். உருளைத்தோல் புண்ணில் ஒட்டாது, ஈரத்தை விடாது. அதே நகரின் மருத்துவர்கள் 2003-இல் கிருமிநீக்கிய வாழையிலையைச் சோதித்தார்கள். கட்டு பிரிக்கையில் வலியில்லை, செலவு அற்பம். தீக்காயமும் வறுமையும் சேர்ந்தே வரும் நாடுகளில் இந்த மலிவுக்கு மதிப்பு அதிகம். மீன்தோலின் பிரேசில் கிளை உருளைத்தோல், வாழையிலை வரிசையில் வந்தது என்றே கொள்ள வேண்டும். அதை விந்தை மருந்தாகப் பார்ப்பது வரலாற்றை விட்டுவிட்டுப் பார்ப்பதாகும்.

செயராவின் திலாப்பியா

நைல் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1971-இல் பிரேசிலின் வறட்சித் தடுப்புத் துறை அதை ஐவரி கோஸ்ட்டிலிருந்து செயராவின் பெந்தெகோஸ்தே ஊரிலுள்ள ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவந்தது. மழை பொய்க்கும் அந்த வறண்ட நிலத்தில் ஏரிகளும் அணைகளும் வெட்டி, அவற்றில் மீன் விட்டு மக்களுக்குப் புரதம் கொடுப்பது நோக்கம். பின்னர் ஜகுவாரிபி ஆற்றில் எழுந்த கஸ்தன்யாவோ பெருநீர்த்தேக்கத்தில் கூண்டுகளில் திலாப்பியா வளர்ப்பது பெருந்தொழிலாயிற்று. சதையை அரிந்து விற்றபின் தோல் குப்பைக்குப் போனது. ஒரு சிறு பங்கைப் பதனிட்டுக் கைவினைஞர்கள் பை, பெல்ட் செய்தார்கள். (நைல் திலாப்பியாவின் நெருங்கிய உறவான மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் ஜிலேபி என்று விற்பது இந்தக் குடும்பத்து மீன்தான்.)

அந்தக் கைவினைப் பொருள்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை 2011-இல் படித்த ரெசிஃபி நகர பிளாஸ்டிக் சர்ஜன் மார்செலோ போர்ஜெஸுக்கு, இவ்வளவு உறுதியான தோல் புண்ணுக்கு ஆகாதா என்று தோன்றியது. எண்ணம் செயலானது செயராவின் தலைநகர் ஃபோர்டலேசாவில். அந்நகரின் ழோசே ஃப்ரோட்டா மருத்துவமனைத் தீக்காயப் பிரிவோடு தொடர்புடைய எட்மார் மசியெலும், செயரா மத்தியப் பல்கலைக்கழக மருந்தாய்வு மையத்தை நடத்திய ஒடோரிகோ தெ மொராயிசும் 2014-15 வாக்கில் ஆய்வைத் தொடங்கினார்கள். அப்போது பிரேசிலில் உண்மையில் இயங்கிய தோல் வங்கிகள் மூன்று. நாட்டின் தேவையில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அவற்றால் ஈடுகட்ட முடிந்தது என்று மசியெல் சொல்லியிருக்கிறார். பன்றித்தோலும் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் களிம்பும் கட்டுத்துணியும்தான் கதி.

ஆய்வுக்கூடத்தில் முதலில் பார்த்தது தோலின் கட்டமைப்பை. மனிதத் தோலை உறுதியாகப் பிடித்துவைத்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் முதல் வகை திலாப்பியாத் தோலில் நிறைய இருந்தது. ஈரப்பதம் மனிதத் தோலுக்கு நெருங்கி இருந்தது. இழுத்தால் எளிதில் கிழியவில்லை. வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன் என்பதும் சாதகம். குளிர்கடல் மீன்களிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன் குறைந்த வெப்பத்திலேயே குலைந்துவிடும். திலாப்பியாவின் கொலாஜன் அதைவிட அதிக வெப்பம் தாங்கும். பிறகு எலிகளில் சோதனை, அடுத்து தொண்டர்களின் நல்ல தோலில் ஒவ்வாமைச் சோதனை. தீக்காயம் பட்டவர்களுக்கு 2016-இல் போர்த்தத் தொடங்கினார்கள்.

தோலைத் தயாரிக்கும் முறை பொறுமை கேட்பது. செதிலும் ஒட்டிய சதையும் நீக்கி, ஒரே அளவில் வெட்டி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் அலசுகிறார்கள். பிறகு படிப்படியாகச் செறிவு கூடும் கிளிசரினில் ஊறவைத்து, உறையிலிட்டுக் காமா கதிர் பாய்ச்சுகிறார்கள். மீன்வாடை இந்தக் கட்டங்களிலேயே போய்விடுகிறது. குளிர்பெட்டியில் இரண்டு ஆண்டுவரை வைக்கலாம். குளிர்பெட்டியும் வேண்டாம் என்று உறைநிலையில் உலர்த்திய வடிவத்தையும் பின்னர் உருவாக்கினார்கள்.

மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து தோலைப் படிய வைத்துக் கட்டினால், அது புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஓரம் மட்டும் நல்ல தோல்மேல் ஏறி நிற்கும். ஆழமில்லாத தீக்காயத்தில் பத்து நாளைப் போல மாற்றாமலே விட்டுவிடலாம். கீழே புதுத்தோல் படர்ந்ததும் மீன்தோல் காய்ந்து விறைத்துவிடும். வாசலின் தடவி இளக்கி உரித்தெடுப்பார்கள்.

இதன் பலன் எவ்வளவு? 115 பேரைக் கொண்டு நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. களிம்பு போட்டவர்களைவிட மீன்தோல் போர்த்தியவர்களுக்குப் புண் ஆறியது சராசரியாக அரை நாள் முன்னதாகத்தான். செய்திகளில் வந்த 'அதிசயத்தோடு' ஒப்பிட்டால் இது ஏமாற்றம் போலத் தெரியும். ஆனால் வலி குறைந்திருந்தது, வலிநிவாரணி குறைவாகவே தேவைப்பட்டது, கட்டு மாற்றும் தடவைகள் வெகுவாகக் குறைந்தன, ஒரு நோயாளிக்கான செலவு சுமார் 42 விழுக்காடு இறங்கியது. புண்ணைத் தொடாமல் விட முடிந்ததே இந்தச் சிகிச்சையின் சாதனை. விரைவில் ஆற்றும் மருந்தாக இதை விளம்பரப்படுத்துவோர் அதன் உண்மையான பெருமையைத் தவறவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகம் தோலுக்கு வேறு பயன்களையும் தேடியது. பிறவியிலேயே யோனிக்குழாய் அமையாத ரோக்கிடான்ஸ்கி நோய்க்குறியுள்ள பெண்களுக்கு அதைப் புதிதாக உருவாக்கும் அறுவையில் திலாப்பியாத் தோல் பயன்பட்டது.

கரடியின் பாதம்

2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் தாமஸ் காட்டுத்தீயில் இரண்டு கரடிகளுக்கும் ஒரு மலைச்சிங்கக் குட்டிக்கும் பாதங்கள் வெந்துபோயின. காட்டு விலங்குக்குத் தினமும் மயக்க ஊசி போட்டுக் கட்டு மாற்றுவது நடக்கிற காரியமில்லை. சாதாரணக் கட்டைக் கரடி கடித்துத் தின்றுவிடும்; துணி குடலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் ஜேமி பெய்ட்டன், பிரேசில் செய்தியை அறிந்து, கிருமிநீக்கிய திலாப்பியாத் தோலைப் பாதங்களில் தைத்து, மேலே மக்காச்சோள மடல் சுற்றினார். தின்றாலும் கெடுதியில்லாத கட்டு. கரடிகளில் ஒன்று சினையாக இருந்ததால் கூண்டில் வெகுநாள் வைக்க முடியாத நிலை. 2018 ஜனவரியில் இரண்டையும் காட்டில் விட்டார்கள். மீன்தோலை உலகறியச் செய்ததில் மனித நோயாளிகளைவிட இந்தக் கரடிகளின் பங்கு அதிகம்.

ஐஸ்லாந்தின் காட்

ஈசாஃபியோர்துர் சில ஆயிரம் பேர் வாழும் மீன்பிடி ஊர். குவ்த்முந்துர் ஃபெர்த்ரம் சிகுர்யோன்சன் அங்கே தொடங்கிய கெரெசிஸ் நிறுவனத்துக்கும் மூலப்பொருள் மீன் ஆலையில் மிஞ்சும் தோல்தான். வேலைப்பாடு வேறு. காட் மீனின் தோலிலிருந்து மீனின் செல்களை எல்லாம் அகற்றி, இழைக்கட்டை மட்டும் விட்டு, உறைநிலையில் உலர்த்துகிறார்கள். புண்ணில் பதித்தால் நோயாளியின் செல்கள் அந்தத் துளைகளில் குடியேறி, நாளடைவில் அதைத் தம் திசுவாக மாற்றிக்கொள்கின்றன.

பன்றி, மாட்டுத் திசுக்களில் மனிதனைத் தொற்றக்கூடிய வைரஸ்கள் இருக்கலாம் என்பதால் அவற்றைக் கடுமையான ரசாயனங்களால் கழுவ வேண்டும். அதில் கொழுப்புகளும் போய்விடும். குளிர்கடல் மீனிலிருந்து அப்படிப்பட்ட தொற்று வரும் என்ற அச்சம் இல்லாததால் மென்மையாகவே கழுவுகிறார்கள். ஒமேகா-3 கொழுப்பும் தோலின் இயற்கையான துளையமைப்பும் எஞ்சுகின்றன. மாட்டையோ பன்றியையோ மறுக்கும் சமயத்தாருக்கும் இது தடையில்லை. இந்தியா போன்ற நாட்டில் இதைச் சாதாரண விஷயமாகக் கருதிவிட முடியாது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் இசைவளித்தது. 2015-இல் வெளியான ஆய்வில் 81 தொண்டர்களின் கையில் இரண்டிரண்டு சிறு புண்களை உண்டாக்கி, ஒன்றில் மீன்தோலும் மற்றதில் பன்றியின் சிறுகுடல் சவ்வும் வைத்தார்கள். மீன்தோல் வைத்தது விரைவாக ஆறியது. முதலில் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்கே இதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். தீக்காயத்துக்கான வடிவம் பின்னால் வந்தது. 2023-இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனம் கெரெசிஸை 130 கோடி டாலர்வரை கொடுக்க ஒப்பி வாங்கியது. ஃபோர்டலேசாவின் தோல் அரசு மருத்துவமனைக்குச் செலவு குறைக்கப் பிறந்தது. ஈசாஃபியோர்துரின் தோல் காப்பீடு பணம் கட்டும் சந்தைக்கு. மீன்தோல் மலிவான வைத்தியமா என்ற கேள்விக்கு எந்த மீன் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லைகள்

இந்தியாவில் தீக்காயத்துக்குக் கொலாஜன் படலங்கள் பழக்கமானவை. பல மாட்டுத் திசுவிலிருந்து வருபவை. மீனிலிருந்து எடுத்த கொலாஜன் படலமும் சென்னையில் தயாராகிறது. அது பிரித்தெடுத்துப் படலமாக்கிய புரதம். முழுத்தோலைப் போர்த்தும் முறையோடு அதைக் குழப்பக் கூடாது.

மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரண்டு வகையும் ஆகாது. கிருமி ஏற்கெனவே பற்றிய புண்ணை மூடினால் உள்ளேயே சீழ் வைக்கும். சந்தையில் வாங்கிய பச்சை மீன்தோலை வீட்டில் ஒட்டிக்கொள்வது இந்தச் சிகிச்சையே ஆகாது: தண்ணீரிலும் மீனின் மேலும் வாழும் கிருமிகளை நேராகப் புண்ணுக்குள் விடுவதுதான் அது. மூன்றாம் நிலைக் காயத்தில் புதுத்தோல் முளைக்க எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால், திலாப்பியாவைப் போர்த்திக் காத்திருப்பதில் பயனில்லை. அங்கே வெந்த திசுவை வெட்டி நீக்கி, காட் தோலைப் பதித்து அடித்தளம் உண்டாக்கினாலும், அதன்மேல் கடைசியில் ஒட்டுவது நோயாளியின் தொடையிலிருந்து சீவியெடுத்த அவருடைய தோலைத்தான்.