எண்ணெயும் ஒளியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரத்தின் விலை

மின்சாரத்தின் விலை யாதென வினவின், மாதந்தோறும் வீட்டுக்கு வரும் பட்டியலை எடுத்துக் காட்டுவோரே பலர். பட்டியல் பொய்யுரைப்பதன்று, ஆயின் அது முழுவதையும் உரைப்பதுமன்று. ஓர் அலகு மின்சாரத்தை உண்டாக்குதற்கு ஆகும் செலவு வேறு. அதற்கென நுகர்வோரிடம் பெறப்படும் கட்டணம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதை யார், எவ்வடிவில் செலுத்தினர் என்பதே யாழ்ப்பாணக் குடாநாட்டு மின்சார வரலாற்றின் உட்பொருளாகும்.

இயற்கை இந்நிலத்திற்கு நீர்வீழ்ச்சியை அளிக்கவில்லை. சுண்ணாம்புக்கற் பாறையின்மேற் பரந்த சமதரையில் ஆறெனப் பெயர் பெற்றது வழுக்கியாறு ஒன்றே; அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. மலைநாட்டின் நிலை வேறு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலே, மலையருவிகளிலிருந்து இலங்கைக்கு வேண்டிய மின்வலுவைப் பெறலாமென ஆய்வுரையொன்றில் எடுத்துக்காட்டினார். அக்கருத்து நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 25 மெகாவாற்று வலுவுடைய லக்சபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மழைநீருக்கு விலையில்லை. அணையும் குழாயும் பொறியும் அமைத்தற்காகும் முதற்செலவு பெரிதாயினும், பின்னர் அலகொன்றுக்காகும் செலவு மிகச் சிறிது. ஆயின் அம்மலிவின் பயன் மின்கம்பி சென்ற இடங்களுக்கே முதலிற் கிடைத்தது.

தொலைவிலுள்ள குடாநாடு எண்ணெயையே நம்பவேண்டியதாயிற்று. 1950களில் சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்களைக் கொண்ட மின்நிலையம் அமைந்தது. அவ்வியந்திரத்தின் கணக்கை மாணவரும் எளிதில் உணரலாம். ஒரு லீற்றர் டீசலை எரித்தால் ஏறத்தாழ 4 அலகு மின்சாரமே கிடைக்கும். எஞ்சிய வெப்பம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வீணே கழியும். ஆகவே மாதம் 30 அலகு செலவிடும் சிறு குடும்பமொன்றுக்காக 7 அல்லது 8 லீற்றர் எண்ணெய் எரிக்கப்படல் வேண்டும். அவ்வெண்ணெயோ கடல்கடந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 250 மைல் வடக்கே கொண்டுவரப்படவேண்டியது.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை நிறுவப்பெற்றது. அனுராதபுரம், கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை நீண்ட 132 கிலோவோற்று மின்கம்பித் தொடர், மலைநாட்டு நீரின் மலிவைக் குடாநாட்டிற்கும் கொணர்ந்தது. எனினும் துலாவைக் கைவிட்டு நீரிறைக்கும் இயந்திரத்திற்கு மாறிய தோட்டக்காரர் பலர் மண்ணெண்ணெயோடே நின்றனர். இன்றும் அவர்களிடம் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், பேச்சு விரைவில் மண்ணெண்ணெய் விலைக்கே திரும்பிவிடும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது அம்மின்தொடர்பு அற்றது. மின்சாரமில்லை, ஆகவே பட்டியலுமில்லை. ஆயின் ஒளிக்கு விலை இல்லாமற் போகவில்லை. எரிபொருள் தடைக்குட்பட்டமையால் மண்ணெண்ணெய் பெறற்கரிய பொருளாயிற்று. ஜாம்போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவிற்கு மட்டும் மண்ணெண்ணெய் வார்த்து, மெல்லிய திரியொன்றை ஏற்றி வைத்த விளக்கின் முன் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் மிதிப்பானைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரம் வானொலிச் செய்தியைக் கேட்பித்தது. அச்செய்தியின் கட்டணம் ஒருவரின் கைவலி. இத்தகைய செலவுகள் எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் இடம்பெற்றில. வரலாறு எழுதுவோர் இவற்றை விட்டுவிடுதல் ஆகாது.

1996இன் பின்னர் மின்பிறப்பாக்கிகளின் துணையால் மின்வழங்கல் படிப்படியாக மீண்டது. ஏ9 வீதி மூடப்பட்ட காலங்களில் எண்ணெய் கப்பலிலேயே வந்தது. உற்பத்திச் செலவு மிகுந்திருந்தும், நாடெங்கும் நிலவிய கட்டணமே குடாநாட்டாரிடமும் பெறப்பட்டது. இது சலுகையே என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அச்சலுகையின் மறுபக்கம் கிணறுகளிற் காணப்பட்டது. குடாநாட்டு மக்கள் பருகுவது நிலத்தடி நீர். அது பாறையின் துளைகளினூடே ஊரூராகத் தொடர்புற்றிருப்பது. சுன்னாகச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய்க் கலப்புக் காணப்பட்டதாக எழுந்த முறைப்பாடுகளையடுத்து, அங்கு மின்னுற்பத்தி செய்துவந்த தனியார் நிலையமொன்றின் இயக்கம் 2015இல் நிறுத்தப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அந்நிறுவனத்திற்குக் கட்டளையிட்டது. நீர்க்குடத்தோடு பிறவிடம் நாடிச் சென்ற இல்லத்தரசியர் செலுத்தியதும் மின்சாரத்தின் விலையே என்க.

இதற்கிடையில் 2013இல் குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் பளைப் பகுதியில் 10 மெகாவாற்று வலுவுடைய காற்றாலைத் தொகுதிகள் இரண்டு இயங்கத் தொடங்கின.

இணைப்பு நன்மையைத் தந்தது போலவே, நாட்டின் துன்பத்திலும் பங்கு தந்தது. 2022 மார்ச் மாத இறுதியில் எரிபொருளும் அந்நியச் செலாவணியும் இல்லாமையால் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2013இன் பின்னர் உயர்த்தப்படாதிருந்த கட்டணம், 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. சராசரி என்னும் சொல் இங்கு உண்மையை மறைக்கிறது. மாதம் 30 அலகு மட்டும் செலவிடும் ஏழைக் குடும்பம், முன்னர் அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்தியது. 2022 ஆகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாகி, அக்குடும்பத்தின் பட்டியல் 1,300 ரூபாவாயிற்று; அதாவது பன்னிரு மடங்கிற்கும் மேல். பழைய கட்டணம் செலவிற்கு ஈடாகாதது என்பது உண்மையே. ஆயின் நெடுங்காலத் தவற்றைத் திருத்தும் சுமையை ஆறு மாதத்திற்குள் எளியோர் தலையில் ஏற்றியதை நியாயமெனக் கொள்ளல் அரிது. அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்சாரத்தை விட்டு விளக்கிற்குத் திரும்பும் வழியும், படகிற்கும் நீரிறைப்பிற்கும் எண்ணெய் வாங்கும் வழியும் ஒருங்கே அடைபட்டன. 2024இல் மார்ச்சிலும் ஜூலையிலும், பின்னர் 2025 ஜனவரியிலும் கட்டணம் குறைக்கப்பட்டது; 2025 ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது.

தீவுகளின் நிலை தனித்தது. தரைவழி மின்தொடர் எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. அவற்றுக்குரிய எண்ணெய் குடாநாட்டிற்கு வந்தபின் இன்னுமொருமுறை கடல் கடக்கவேண்டும். இம்மூன்றிற்கும் காற்றும் சூரியஒளியும் கொண்டு மின்வழங்கும் திட்டத்திற்கு இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடை அளிக்க இசைந்தது. ஒப்பந்தம் 2024 மார்ச்சிற் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்திற் காற்றாலைக்கு 530 கிலோவாற்றும் சூரியத் தகடுகளுக்கு 1,700 கிலோவாற்றும் குறிக்கப்பட்டன. அவை ஓயும் வேளைக்கென ஒதுக்கப்பட்ட டீசல் இயந்திரங்களின் வலு 2,500 கிலோவாற்று.