கடனுக்கும் ஒரு வரம்பு

வாங்கிய கடனைத் தீர்க்காமல் சாவது பாவம், அது அடுத்த பிறவிக்கும் தொடரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழ வேரூன்றியது. கடனாளி என்றால் ஊதாரி, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் செலவழித்துக் கெட்டவன் என்பதும் பலரது தீர்ப்பு. 1930-களின் பொருளாதார மந்தம் அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கியது. சென்னை மாகாணத்தில் நெல் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. புரோநோட்டில் எழுதிய தொகையோ அப்படியே நின்றது. பத்து மூட்டை விற்று அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு இருபது மூட்டை தேவைப்பட்டது. 1930-இல் சுமார் 150 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட மாகாணத்தின் கிராமக் கடன், 1935-இல் விவசாயக் கடனை ஆராய்ந்த சத்தியநாதன் அறிக்கையின் கணக்கில் 200 கோடியானது. ஐந்தே ஆண்டில் இத்தனை குடும்பங்கள் ஒழுக்கம் கெட்டுவிட்டன என்று யார் நம்புவார்?

ராஜாஜி அமைச்சரவை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இதற்கு விடை தேடியது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில் நிலுவை வட்டி நீங்கியது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இதைப் புதுமை என்பது தவறு. வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்பது தர்மசாஸ்திரங்களின் பழைய விதி. பம்பாய் நீதிமன்றங்கள் ஏற்ற அவ்விதியைச் சென்னை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. கொடுத்தவனுக்கு விதித்த வரம்பு மறைந்து, வாங்கியவனுக்கு விதித்த கடமை மட்டும் எஞ்சியிருந்தது. சட்டம் அறத்தின் விடுபட்ட பாதியை மீட்டது.

எழுதிக் கொடுத்த வாக்கை அரசே முறித்தால் நாணயம் என்னாகும், இனி யார் கடன் தருவார் என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. கடன் கொடுத்தவர் எல்லோரும் கொடுமைக்காரர் அல்லர். கைப்பணத்தை வட்டிக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும் இருந்தனர். சட்டம் அதை உணர்ந்தே, வேறு சொத்தில்லாத பெண்களுக்கு வரவேண்டிய 3,000 ரூபாய் வரையிலான கடன்களுக்கு விலக்கு அளித்தது. பெரும்பாலான கடன்களில் அசலைத் தொடவுமில்லை. வாக்கு கொடுத்தபோது இருந்த விலை இருவர் கையிலும் இல்லாதபோது, இழப்பு முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்துவதை நாணயம் என்று சொல்ல முடியாது. இச்சட்டத்தின் உண்மையான குறை வேறு: நிலத்தில் உரிமை உள்ளவரையே அது விவசாயி என்றது. கூலிக்கு உழைத்த நிலமற்றவரின் கடனை அது தொடவில்லை. பாவம் யாருடையது என்ற கேள்வியைச் சரியாகக் கேட்ட காலம், ஊரில் மிக ஏழையாக இருந்தவருக்காக அதைக் கேட்கவில்லை.