பியானோவின் எடையும் கூலியின் வரலாறும்

பியானோவைப் பற்றி நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். வாசிக்கிறவருக்கு அது இசை. தூக்குகிறவனுக்கு அது எடை. சுவரோரம் நிறுத்துகிற சாதாரணப் பியானோவே 200 கிலோவுக்கு மேல். அரங்கத்தில் வைக்கிற பெரிய கிராண்ட் பியானோ 500 கிலோவை நெருங்கும். உள்ளே இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 18, 20 டன் வரை வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். அந்த இரும்பைப் பற்றி எந்த இசை விமர்சகரும் எழுதியதில்லை. நம்மாளுகளுக்குத்தான் அது தெரியும், தோளில் தெரியும்.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1842இல் மிஸ்கித் கம்பெனி வாத்தியக் கடை தொடங்கியது. இன்று மியூஸி மியூசிக்கல் என்று நிற்பது அதன் தொடர்ச்சி. அந்தக் காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும், மசூலாப் படகு அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி வரும், கரையில் கூலிகள் தோள் கொடுத்து இறக்குவார்கள். சீமையிலிருந்து வந்த பியானோவும் இந்த வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும், வேறு வழி இருந்ததில்லை. கடையின் வரலாறு கிடைக்கிறது. விற்றவர் பெயர் கிடைக்கிறது. மார்பளவு தண்ணீரில் நின்று தூக்கியவன் பெயர்?

கொடைக்கானலுக்கு வாங்க. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டினார்கள். வண்டி போகிற மலைச்சாலை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வந்தது. இடைப்பட்ட எழுபது வருசமும் துரைமார், துரைசானிகள், கட்டில், அலமாரி, பியானோ எல்லாம் மனுசத் தோளில் ஏறின. அந்த மலைப்பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். சாலை போட்ட என்ஜினீயர் மேஜர் லாவின் பெயர் 'லாஸ் காட்' என்று சாலைக்கு நின்றது. பாதையை மிதித்தே உண்டாக்கியவர்களுக்கு மிஞ்சியது 'கூலி' என்ற பொதுப்பெயர்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் உடைத்துப் பார்க்கணும். ஆங்கில அகராதிக்குள் போன 'கூலி'க்கு மூலம் நம் தமிழ்க் கூலிதான், உழைப்புக்குத் தருகிற காசு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, குஜராத்தின் கோலி என்ற சாதிப் பெயர்தான் என்று இன்னொரு சாரார். காசின் பெயரா, சாதியின் பெயரா என்று அகராதிக்காரர்களுக்கே முடிவு தெரியாமல் நிற்கிற சொல் இது. நமக்கு இந்தக் குழப்பம் ஒண்ணும் ஆச்சரியமில்லை.

ஏனென்றால் இந்த நாட்டில் பாரத்துக்கு விலை கிலோவில் போட்டதில்லை. சாமி பல்லக்கைத் தூக்குகிறவருக்கு ஸ்ரீபாதம் தாங்கி என்று பட்டம். அது பாரமில்லை, பாக்கியம். செத்த மாட்டைத் தூக்குவது சேரியின் கடமை. அதற்குக் கூலி கூடக் கிடையாது, அதுதான் 'வழக்கம்'. மாடு பல்லக்கை விட லேசா? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கத் தலித்துகள் உரிமை கேட்ட கதை தெரியும் இல்லியா? 1990களின் கடைசியில் தொடங்கிய பிரச்சினை. வழக்கு, தடை உத்தரவு, பிறகு பல வருசம் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு ஓடியது. காசு வாங்காமல் இழுக்க வருகிற கைகளைத் தடுக்கிறவர்கள், தங்கள் வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்ற அதே கைகளைத்தான் கூப்பிட்டு விடுகிறார்கள்.

எங்கள் செங்கல்பட்டுச் சீமையில் அந்தக் கைகள் ஏன் காலியாக இருந்தன என்பதற்கும் சர்க்கார் எழுதிய சாட்சியம் உண்டு. 1891இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் கொடுத்த அறிக்கை: பறையர் குடியிருந்த மனை கூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. கொடுத்த நிலம் பிறகு கைமாறிக் கைமாறிப் போனது. மீட்கப் போனபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அடுத்த வருசமே மறைமலை நகருக்கு ஃபோர்டு கார் கம்பெனி வந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஏரிக்கரை வரைக்கும் தொழிற்சாலைகள். கேட்டுக்கு உள்ளே போனவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் நாற்பது வயசு தாண்டிய, பள்ளிக்கூடம் பார்க்காத ஆளுக்குக் கேட்டுக்கு வெளியேதான் வேலை. லோடு ஏற்று, லோடு இறக்கு.

என் மாமா அப்படி ஒருவர். இப்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனி ஒன்றில் பனியன் போட்டுக்கொண்டு போகிறார். 2022இல் ஃபோர்டு உற்பத்தி நின்ற பிறகு அந்தப் பக்கத்தில் வீடு காலி செய்கிற வேலை நிறைய வந்ததாம். அப்போது ஒரு கம்பெனி அதிகாரியின் வீட்டுப் பியானோவை இறக்கினார்கள். ரசீதைக் கையெழுத்து வாங்கக் கொண்டு போனபோது மாமா செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். பேக்கிங், ஏற்றி இறக்க, வண்டி எல்லாம் சேர்த்து 12,000. பியானோவின் மதிப்பு 3 லட்சம் என்று போட்டு, அதில் நூற்றுக்கு மூன்று வீதம் இன்சூரன்ஸ் 9,000. வரி தனி. தூக்கியது நாலு பேர், தலைக்கு 900. நாலு பேர் கூலியைக் கூட்டினாலும் 3,600தான் வருகிறது. தூக்குகிறவன் இடுப்பு போனால் யார் தருவார் என்று ரசீதில் எங்கேயும் இல்லை.

"அதுல இன்னாடா இருக்குது, பலம் இருந்தா தூக்கிடலாம்னு நெனக்கிறாங்கோ," என்றார் மாமா. "அதோட பாரம் பூரா முதுகுப் பக்கம். கொஞ்சம் சாஞ்சா நிறுத்த முடியாது. கீழ இருக்குற குட்டிச் சக்கரத்த நம்புனா காலு போயிடும். பலகை குடுத்து, பெல்ட்டு போட்டு, மூடிய பூட்டிக் கம்பளி சுத்தணும். படியில எறக்கும்போது கீழ நிக்கிறவன் மேலதான் முக்கா பாரம். அவன் பேச்ச மேல இருக்கவன் கேக்கணும்."

இது வித்தையா இல்லையா? இந்த அறிவுக்குத்தான் கம்பெனி விளம்பரத்தில் 'தொழில்முறை நிபுணர்கள்' என்று போட்டு 12,000 வாங்குகிறது. அதே அறிவு மாமாவின் உடம்பில் இருக்கும்போது அதற்குப் பெயர் கூலி. இறக்கி வைத்துக் கொஞ்ச நாள் கழித்துச் சுதி சேர்க்க ஒருவர் வருவார். அவருக்கு நாற்காலி, காபி, 'சார்'. சுதி சேர்ப்பதும் அருமையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய மாமாவை அந்த வீட்டுப் பையன் கூப்பிட்டது 'இந்தாப்பா' என்று.

சட்டம் இல்லாமல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் செய்த பரிந்துரை, ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. 250 கிலோ பியானோவை நாலால் வகுத்தாலே அது தாண்டிவிடும். படியில் கீழே நிற்கிறவன் கணக்கைச் சொல்லவே வேண்டாம். மகாராஷ்டிரம் 1969இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அங்கே முதலாளி கூலியையும் அதற்கு மேல் ஒரு வரியையும் வாரியத்தில் கட்ட வேண்டும், வாரியம்தான் தொழிலாளிக்குக் கொடுக்கும். கேரளம் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் போட்டது. தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே காசு கேட்ட நோக்குகூலியை அங்கே 2018இல் ஒழித்தார்கள். சரிதான், ஒழிக்க வேண்டியதே. ஆனால் அதைப் பற்றி மூக்கால் அழுத பத்திரிகைகள், தூக்கியும் கிடைக்காத கூலியைப் பற்றி எத்தனை பத்தி எழுதின?

தமிழ்நாட்டுச் சட்டம் 1982இல் வந்தது. வாரியமும் உண்டு. பதிந்தால் விபத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி கிடைக்கும். கூலி மட்டும் வாரியத்தின் வழியாக வருவதில்லை. 12,000இல் 900 எப்படி ஆனது என்று கேட்க அங்கே ஆளில்லை. நம் அமைப்புகள் மாத்தாடி மாதிரி ஒரு ஏற்பாட்டை இந்தத் தொழிற்சாலைப் பட்டைக்குக் கேட்கலாம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சங்கம் என்றால் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு என்றுதான் நாமும் இதுவரை பேசி வந்திருக்கிறோம்.

மாமா வாரியத்தில் பதிந்துவிட்டார். கூடத் தூக்குகிற மூன்று பேரில் இரண்டு பேர் ஒடிசாப் பையன்கள். அவர்கள் இன்னும் பதியவில்லை. விண்ணப்பத்தோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறைக்குப் போவதாக இருக்கிறோம்.