இசை எழுப்பும் உணர்ச்சியும் இயந்திரக் கற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இசையின் உணர்ச்சியைக் கணினிவழிக் கண்டறியும் ஆய்வு இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. இசை வெளிப்படுத்தும் உணர்ச்சியும், கேட்போரிடத்து அது எழுப்பும் உணர்ச்சியும் எப்போதும் ஒன்றாவதில்லை. சோகப் பாடலைக் கேட்டு இன்புறுவோர் பலர். இவ்விரண்டனுள் எதனை இயந்திரம் கற்றுவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உளவியல் அடித்தளம்

1936இல் அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர், உணர்ச்சிப் பெயரடைகளை எட்டுத் தொகுதிகளாகப் பகுத்து வட்டமாக அமைத்தார். இசைக்குப் பொருந்தும் சொற்களைக் கேட்போர் அதிலிருந்து தெரிந்தெடுத்தனர். அதாவது, கேள்வி இசையைப் பற்றியதே. கேட்போரின் உள்ளத்தைப் பற்றியதன்று. 1980இல் ஜேம்ஸ் ரசல், உணர்ச்சிகளை இன்பம்–துன்பம், கிளர்ச்சி–அமைதி என்னும் இரு அச்சுகளில் நிறுத்தினார். இம்மாதிரி இசைக்கென உருவானதன்று. எனினும், உணர்ச்சியை எண்ணாக்க இடந்தந்தமையால் கணினி ஆய்வாளர் அதனைப் பெரிதும் கையாண்டனர்.

இயந்திரக் கற்றலின் வருகை

2003இல் டாவ் லீ, மிட்சுனோரி ஒகிஹாரா ஆகியோர் ஆதரவுத் திசையன் பொறியைக் கொண்டு 499 இசைத்துண்டுகளை வகைப்படுத்தினர். ஹெவ்னரின் தொகுதிகளைப் ஃபார்ன்ஸ்வொர்த் திருத்தியமைத்த வடிவமே இவர்களுக்கும் அடிப்படையாயிற்று. அத்துண்டுகளுக்கு உணர்ச்சிக் குறியிட்டவர் ஒரே ஒருவர். எனவே, இயந்திரம் கற்றது ஒருவர் செவியின் தீர்ப்பையே எனலாம்.

2007இல் மைரெக்ஸ் மதிப்பீட்டில் இக்குறை ஓரளவு நீங்கியது. முப்பது நொடி நீளமுள்ள 600 துண்டுகள் ஐந்து தொகுதிகளாகப் பகுக்கப்பட்டன. பெரும்பான்மை மதிப்பீட்டாளர் உடன்பட்ட துண்டுகளே தேர்வு பெற்றன. அவ்வாறிருந்தும் மிகச்சிறந்த முறை ஏறத்தாழ 61.5 விழுக்காட்டுத் துல்லியத்தையே எட்டியது. கேட்போர் மாறுபடும் இடங்கள் முன்னரே விலக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. எழும் உணர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடுவதாகலின், அவ்வேறுபாடே அதன் ஆய்வுப்பொருளாகும்.

கேட்போரை நோக்கி

2008இல் மார்செல் சென்ட்னர், டிடியே கிராஞ்சான், கிளாவுஸ் ஷெரர் ஆகியோர் இசை எழுப்பும் உணர்ச்சிகளுக்கென ஒன்பது கூறுகள் கொண்ட ஜெனீவா அளவுகோலை வகுத்தனர். வியப்பு, பழநினைவேக்கம் முதலியன அதில் இடம்பெற்றன. 2012இல் வெளிவந்த டீப் தரவுத்தொகுதி, 32 பேர் தலா 40 இசைக் காணொளிகளைக் காணும்போது பதிவான மூளை மின்னலைகளையும் அவர்தம் தன்மதிப்பீடுகளையும் ஒருங்கே தந்தது. ஆயினும், காணொளியில் காட்சியும் கலந்திருத்தலின் எழுந்த உணர்ச்சியை இசைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளல் இயலாது.

முடிவுரை

இத்துறையின் வரலாற்றில் கற்றல்முறை பலமுறை மாறியது. கேட்போரிடம் வினவப்பட்ட வினாவோ மெல்லவே மாறியது. குறியீடு எதனைச் சுட்டுகிறதோ அதனையே இயந்திரம் கற்கும். ஆதலின், துல்லிய விழுக்காட்டைக் கூறும் ஆய்வுகள், கேட்போரிடம் வினவப்பட்டது இசையின் உணர்ச்சியா, அவர்தம் உணர்ச்சியா என்பதையும் உடன்கூறுதல் இன்றியமையாததாகும்.